கடையில் இருக்கும் ஒழுங்கு வீட்டில் எங்கே?

குறையே இல்லாத வீடு வேண்டாம். தேடாமல் பொருள் கிடைக்கும் வீடு போதும்

வணிகர்களாகிய நமக்கு ஒரு பெருமை உண்டு. வாடிக்கையாளர் எந்தச் சரக்கைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவோம். கசகசா எந்த டப்பாவில் இருக்கிறது, பழைய விலைச் சோப்பு எந்த அடுக்கில் இருக்கிறது, போன மாதம் துவரம்பருப்பை யாரிடம் என்ன விலைக்குக் கொள்முதல் செய்தோம் என்பதெல்லாம் நமக்கு விரல் நுனியில். கடைக்குப் புதிதாக வந்த பையன் தடுமாறினால், "மூணாவது தட்டு, இடது கைப் பக்கம்" என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்வோம்.

அதே நாம் வீட்டுக்கு வந்து வீட்டு வரி ரசீதைத் தேட ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகிறது. பீரோவைத் திறந்தால் பட்டுப் புடவைக்கு அடியில் ஒரு கட்டுக் காகிதம், சாமி படத்துக்குப் பின்னால் இன்னொரு கட்டு, பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் வேறொரு கட்டு. கடைசியில் கிடைப்பது பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை. தேடிய ரசீது கிடைப்பதில்லை. வீட்டில் ஒருவருக்கொருவர் மனத்தாங்கல் ஏற்படுவதுதான் மிச்சம்.

நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்து, நூற்றுக்கணக்கான சரக்குகளை நிர்வகிக்கும் நமக்கு நாலு அறை உள்ள வீட்டை நிர்வகிக்கத் தெரியாதா? தெரியும். கடையில் நாம் கடைப்பிடிக்கும் முறையை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.

ஏன் முடியவில்லை?

முதல் காரணம், கடையும் வீடும் கலந்துபோவது. மதுரை மாசி வீதிகள் போன்ற பழைய கடைவீதிகளில் கீழே கடை, மேலே வீடு என்பது பரம்பரையாக உள்ள அமைப்பு. கீழே இடம் நிரம்பினால் சரக்கு மாடிப்படி ஏறிவிடும். வீடு தனியாக இருந்தாலும் கடையில் மிஞ்சிய அட்டைப் பெட்டி, சாக்கு, விளம்பரப் பலகை, உடைந்த தராசு எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேரும். "எதுக்காவது ஆகும்" என்பது நம் வாயில் அடிக்கடி வரும் சொல். அந்த 'எதுக்காவது' பல வருடங்களாக வருவதே இல்லை.

இரண்டாவது காரணம், பொறுப்புப் பிரிந்து கிடப்பது. வீட்டைப் பார்த்துக்கொள்வது இல்லத்தரசியின் வேலை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பத்திரம், பாஸ்புக், இன்சூரன்ஸ் பாலிசி போன்றவை எங்கே இருக்கின்றன என்ற விவரம் நம் தலைக்குள் மட்டும் இருக்கிறது. பெட்டிச் சாவி ஒருவரிடம், பெட்டியில் இருப்பது பற்றிய விவரம் இன்னொருவரிடம் என்றால் தேவைப்படும் நேரத்தில் இருவருக்கும் பயன் இல்லை.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வேலையை எடுத்தால் குறைவின்றிச் செய்ய வேண்டும், முடியாவிட்டால் தொடவே கூடாது என்ற எண்ணம் அது. "தீபாவளி வியாபாரம் முடியட்டும், ஒரே மூச்சில் வீட்டையே புரட்டிப் போட்டு ஒழுங்கு பண்ணிவிடலாம்" என்று சொல்கிறோம். தீபாவளி முடிந்தால் பொங்கல் வியாபாரம், அது முடிந்தால் வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம். போகிக்கு முன்னால் ஒரு நாள் பரணில் உள்ளதெல்லாம் கூடத்துக்கு இறங்கும். மாலைக்குள் எல்லோரும் களைத்துப்போய், இறங்கிய பொருளில் முக்கால்வாசி மறுபடியும் பரண் ஏறிவிடும். அடுத்த போகி வரை யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆகவே, நம்மில் பலர் வீட்டை ஒழுங்குபடுத்தாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணம் அல்ல. முழுசாகச் செய்ய நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதே காரணம்.

நம் கடை குறையில்லாத கடையா?

நம் கடையைச் சற்று யோசித்துப் பார்ப்போம். எந்த மளிகைக் கடையும் கண்காட்சி போல இருப்பதில்லை. மூலையில் இரண்டு சாக்கு சாய்ந்து கிடக்கும். கயிற்றுப் பந்து தரையில் உருளும். ஒரு டப்பாவில் பெயர்ச் சீட்டு பாதி கிழிந்திருக்கும். ஆனாலும் வியாபாரம் தடைப்படுவதில்லை. மூன்று நான்கு அடிப்படை விதிகளை நாம் விடாமல் கடைப்பிடிப்பதுதான் அதற்குக் காரணம்.

ஓடும் சரக்கு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். எப்போதாவது போகும் சரக்கு மேல் தட்டில் இருக்கும். முன்னால் வந்தது முன்னால் போகும். புது மூட்டை பழைய மூட்டைக்குப் பின்னால்தான் நிற்கும். வந்த பில்லை வந்த உடனே கம்பியில் குத்துவோம். இரவு எவ்வளவு நேரமானாலும் கல்லாவை எண்ணிப் பார்க்காமல் ஷட்டரை இழுக்க மாட்டோம்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளின் 'ஐந்து எஸ்' முறையைப் பற்றி நிர்வாக வகுப்புகளில் நிறையச் சொல்கிறார்கள். வேண்டாததைப் பிரித்து நீக்கு, வேண்டியதற்கு ஓர் இடம் கொடு, சுத்தமாக வை, இம்மூன்றையும் ஒரே மாதிரியாகச் செய், அதைப் பழக்கமாக்கு என்பதுதான் அதன் சாரம். நம் பெரியவர்கள் இந்தப் பெயர் எதுவும் தெரியாமலேயே கடையில் இதைப் பெரும்பாலும் செய்து வந்தார்கள்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1978-ல் நோபல் பரிசு பெற்றவர். மனிதன் முடிவெடுக்கும்போது எல்லா வழிகளையும் அலசி மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருப்பதில்லை, தன் தேவைக்குப் போதுமானது கிடைத்ததும் அதை ஏற்றுக்கொண்டு மேலே நடக்கிறான் என்று 1950-களிலேயே எடுத்துக்காட்டியவர் அவர். வியாபாரிக்கு இது புதிய செய்தி அல்ல. சந்தையிலேயே மிகக் குறைந்த விலை எதுவென்று நாள் முழுக்க அலைந்தால் சரக்கு கைவிட்டுப் போய்விடும். கட்டுப்படியாகும் விலை வந்ததும் பேசி முடித்து மூட்டையை ஏற்றுகிறவர்தான் பிழைக்கிறார். அந்தப் 'போதும்' என்ற அளவுகோலை வீட்டிலும் வைத்தால் பாதிச் சுமை குறையும்.

அஞ்சறைப் பெட்டி சொல்லும் பாடம்

அந்த அளவுகோல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் அடுக்களையிலேயே பாடம் இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மிளகு என்று தாளிக்க வேண்டியவை ஒரே பெட்டியில் இருக்கின்றன. கடுகில் நாலு சீரகம் கலந்திருக்கும். மூடியில் மஞ்சள் கறை இருக்கும். அழகுக்குப் பரிசு கொடுத்தால் அதற்குக் கிடைக்காது. ஆனால் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் கை தானாக கடுகு உள்ள கிண்ணத்துக்குப் போய்விடும்.

அந்தப் பெட்டியின் சிறப்பு மூன்று. அறைகள் குறைவு. அடிக்கடி தேவைப்படுவது மட்டுமே அதில் இருக்கிறது. மாதம் ஒருமுறை வேண்டிய பட்டையும் அன்னாசிப்பூவும் வேறு டப்பாவில் இருக்கின்றன. அது இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமியார் வந்து சமைத்தாலும் மருமகள் சமைத்தாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டின் மற்றக் காரியங்களுக்கும் இந்த மூன்று குணம் இருந்தால் போதும். அடுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். அவசரத்தில் யார் கை வைத்தாலும் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்து உறைகள்

வீட்டில் எதை முதலில் எடுப்பது? துணியும் பாத்திரமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சட்டை கிடைக்காவிட்டால் வேறு சட்டை போட்டுக்கொள்வோம்; பத்திரம் கிடைக்காவிட்டால் வேறு பத்திரம் இல்லை. ஆகையால் காகிதத்தில் தொடங்குவோம்.

கடைத்தெருவில் கிடைக்கும் பெரிய பிளாஸ்டிக் உறைகள் ஐந்து வாங்கி, அஞ்சறைப் பெட்டி போல ஐந்து பிரிவு வைத்துக்கொண்டால் போதும்.

1. சொத்து: கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கடை வாடகை ஒப்பந்தம், கட்டட அனுமதி வரைபடம்.

2. பணம்: பாஸ்புக், வைப்புத்தொகை ரசீது, இன்சூரன்ஸ் பாலிசி, லாக்கர் விவரம், நகைக்கடன் சீட்டு, சீட்டுக் கம்பெனிப் புத்தகம்.

3. ஆட்கள்: ஒவ்வொருவரின் பிறப்புச் சான்று, கல்விச் சான்று, சாதிச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், திருமணப் பதிவு.

4. உடல்நலம்: கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள், மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஒவ்வொருவரின் இரத்த வகை.

5. நடப்பு: இந்த வருடத்து வீட்டு வரி, குடிநீர், மின்சார ரசீதுகள், பிரிட்ஜ், மிக்ஸி போன்றவற்றின் உத்தரவாத அட்டைகள்.

இவ்வளவுதான். ஒவ்வோர் உறைக்குள்ளும் தேதிவாரியாக அடுக்க வேண்டும், வண்ணச் சீட்டு ஒட்ட வேண்டும் என்றெல்லாம் மலைக்க வேண்டாம். சரியான உறையில் விழுந்தால் போதும். ஓர் உறைக்குள் இருபது காகிதம் இருந்தால் தேட இரண்டு நிமிடம் ஆகும். வீடு முழுக்கத் தேடும் அரை மணியோடு ஒப்பிட்டால் அது பெரிய லாபம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. பில் மெஷினில் வரும் வழவழப்பான தாளில் அச்சான ரசீது வெயில் பட்டாலும், சூடு பட்டாலும், நாள்பட்டாலும் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். உத்தரவாதத்துக்குத் தேவையான பில் அப்படிப்பட்டதானால் அன்றே நகல் எடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும். அடுத்து, பத்திரங்களைத் தரையோடு உள்ள தட்டில் வைக்கக் கூடாது. மழைவெள்ளம் புகுந்தபோது முதலில் நனைந்தது கீழ்த்தட்டுதான் என்பதைச் சென்னையில் 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கண்ட குடும்பங்கள் நன்கு அறியும். மூலப் பத்திரம் தொலைந்தால் காவல்துறையில் புகார் கொடுத்து, 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற சான்று வாங்கி, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, நகல் பெற்று என்று மாதக்கணக்கில் அலைய நேரும். வங்கிக் கடனுக்கு நிற்கும் நேரத்தில் அந்த அலைச்சல் வந்தால் வியாபாரமே ஆடிப்போகும்.

கைபேசியில் படம் எடுத்து வைப்பதும், 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த டிஜிலாக்கரில் ஆதார், வாகனப் பதிவுச் சான்று போன்றவற்றைச் சேர்த்து வைப்பதும் நல்ல துணை. ஆனால் கைபேசியின் ரகசிய எண் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அதுவும் பூட்டிய பெட்டிதான்.

கடைக் கணக்கு வீட்டுப் பரணிலா?

நம்மில் பலர் பழைய பில் கட்டுகளையும் பேரேடுகளையும் சாக்கில் கட்டி வீட்டுப் பரணில் போட்டு வைக்கிறோம். சிலர் இருபது வருடத்துக் கட்டைக்கூடத் தூக்கிப் போட அஞ்சுகிறோம். வேறு சிலர் போன வருடக் கட்டையே போகியில் போட்டுவிடுகிறோம். இரண்டும் தவறு.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒரு வருடத்துக் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கின் கெடு 31.12.2024. ஆகவே அந்தக் கட்டு 31.12.2030 வரை பத்திரமாக இருக்க வேண்டும். மேல்முறையீடு, விசாரணை ஏதாவது நிலுவையில் இருந்தால் அது முடிந்து ஓராண்டு வரை வைத்திருக்க வேண்டும். இரண்டில் எது பிந்தியதோ அதுவே கணக்கு. கட்டின் மேல் கொட்டை எழுத்தில் 'எது வரை' என்று தேதி எழுதி வைத்தால், தேதி வந்ததும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தைரியமாகக் கழிக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணக்குகள் பதிவுச் சான்றில் காட்டிய முதன்மை வணிக இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆகவே கடைக் கட்டுகளுக்குக் கடையிலேயே ஓர் அலமாரி ஒதுக்குவது சட்டத்துக்கும் நல்லது, வீட்டுப் பரணுக்கும் நல்லது.

வீடு குடோன் அல்ல

பரணில் உள்ள சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவில் காட்டாத இடத்தில் உரிய ஆவணம் இல்லாமல் வரிக்குரிய சரக்கு இருந்தால், அதை விற்றுவிட்டதாகவே கொண்டு வரி கணக்கிட ஜி.எஸ்.டி. விதிகளில் இடம் உண்டு. நாலு பெட்டிதானே என்று மாடியில் ஏற்றுவது பின்னால் வம்பாக முடியலாம். வீட்டின் ஒரு பகுதியைக் குடோனாகப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், அதைக் கூடுதல் வணிக இடமாகப் பதிவில் சேர்த்துவிடுவது நேர்வழி.

வரியைவிடப் பெரியது உயிர். கற்பூரம், தீப்பெட்டி, தின்னர், எண்ணெய் டின் ஆகியவற்றைக் குழந்தைகள் உறங்கும் வீட்டில் அடுக்கக் கூடாது. தீபாவளி நேரத்தில் பட்டாசுப் பெட்டிகளை உரிமம் இல்லாத இடத்தில் வைப்பது சட்டப்படிக் குற்றம். மாடிப்படியில் அட்டைப் பெட்டி அடுக்குவது பல வீடுகளில் வழக்கம். தீ விபத்து நேர்ந்தால் இறங்கி ஓட இருப்பது அந்த ஒரே வழிதான். வீட்டில் வேறு எந்த மூலை அலங்கோலமாக இருந்தாலும் படிக்கட்டும் வாசலும் காலியாக இருக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் 'போதும்' என்ற சலுகை கிடையாது.

கடையில் ஓடாத சரக்கை வீட்டு உபயோகத்துக்குத் தள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தேதி முடியப்போகும் பிஸ்கட், நசுங்கிய டப்பா, யாரும் வாங்காத நிறத்தில் பிளாஸ்டிக் வாளி எல்லாம் வீட்டுக்கு வருகின்றன. வீட்டு அலமாரி நிறைந்து போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். தேங்கிய சரக்கைக் கடையில் விலை குறைத்துத் தள்ளத் தெரிந்த நாம் வீட்டில் மட்டும் ஏன் சேர்த்து வைக்கிறோம்? இனி எதை வீட்டுக்குள் கொண்டுவந்தாலும், அதை வைக்க இடம் இருக்கிறதா என்று வீட்டாரைக் கேட்டுவிட்டுக் கொண்டுவருவது மரியாதை.

நாம் இல்லாத ஒரு நாள்

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சிறு கடைகளில் பெரும்பாலும் முதலாளியின் தலைதான் பேரேடு. யாருக்கு எவ்வளவு பாக்கி, யாரிடம் கைமாற்று வாங்கியது, எந்த மொத்த வியாபாரிக்கு எந்தத் தேதியில் காசோலை கொடுத்திருக்கிறோம் என்பதெல்லாம் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் குடும்பம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. வரவேண்டியவர்கள் வருவதில்லை, கேட்க வேண்டியவர்கள் மட்டும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் தொகை சரியா என்று பார்க்கக்கூட வீட்டில் ஒரு குறிப்பு இருப்பதில்லை. கடைத்தெருவில் நாம் இதைக் கண்டுகொண்டேதான் இருக்கிறோம்.

பாக்கிக்கும் ஆயுள் உண்டு. தவணை எதுவும் குறிப்பிடாமல் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். அந்தக் காலத்துக்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாகக் காலம் ஓடத் தொடங்கும். ஆகவே எழுதாத பாக்கி, கையெழுத்தில்லாத பாக்கி ஆகியவை குடும்பத்தின் கைக்கு வராமலே போகக்கூடும்.

வங்கிப் பணத்தின் கதையும் இதுதான். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கி 2014-ல் ஏற்படுத்திய நிதிக்கு மாற்றப்பட்டுவிடுகிறது. வாரிசுகள் பின்னாலும் வங்கி மூலம் கேட்டுப் பெறலாம். ஆனால் அப்படி ஒரு கணக்கு இருந்ததே தெரியாவிட்டால் எப்படிக் கேட்பது? இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகைகளைத் தேடுவதற்கென்றே 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரராகக் குறிப்பிட முடியும். நியமனம் செய்யாத கணக்கு இருந்தால் இந்த வாரமே செய்துவிட வேண்டும். நியமனதாரர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவர். சொத்துரிமை வாரிசுச் சட்டப்படியோ உயில்படியோதான் அமையும் என்பதையும் வீட்டில் தெளிவாகச் சொல்லி வைப்பது நல்லது.

இதற்கெல்லாம் தேவைப்படுவது நாற்பது பக்க நோட்டு ஒன்று. முதல் பக்கத்தில் வங்கிக் கணக்குகள், லாக்கர், பாலிசி எண்கள். அடுத்த பக்கத்தில் நாம் கொடுக்க வேண்டியது. அதற்கடுத்து நமக்கு வர வேண்டியது. பிறகு ஆடிட்டர், வக்கீல், குடும்ப டாக்டர், கடை உரிமையாளர், முக்கியமான மொத்த வியாபாரிகள் ஆகியோரின் தொலைபேசி எண்கள். கடைசிப் பக்கத்தில் எந்தச் சாவி எங்கே என்ற விவரம். வங்கி ரகசிய எண்களை மட்டும் இதில் எழுத வேண்டாம். பாக்கி விவரம் பைசா சுத்தமாக இருக்க வேண்டும் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். மாதம் ஒருமுறை, முதல் தேதி அன்று, பெரிய தொகைகளை மட்டும் தேதியுடன் எழுதி வைத்தால் போதும். மனைவி, மூத்த மகன் அல்லது மகள் என இருவருக்காவது இந்த நோட்டு இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். "அவங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்று மறைப்பது அன்பு என்று நாம் நினைக்கிறோம். பின்னால் அவர்களுக்குத்தான் அது பெரிய தலைவலியாகிறது.

இரவுப் பத்து நிமிடம்

கல்லா எண்ணாமல் கடை மூட மாட்டோம் என்று மேலே சொன்னோம். வீட்டுக்கும் அப்படி ஒரு பத்து நிமிடம் ஒதுக்கலாம். சாப்பிட்டு முடித்து, டி.வி. செய்தியோ தொடரோ ஓடும்போதே செய்துவிடலாம். சட்டைப் பையில் உள்ள ரசீதுகளை எடுத்து உறையில் போடுவது, சாவியை ஆணியில் மாட்டுவது, மறுநாள் கட்டவேண்டிய பணத்தைத் தனியே வைப்பது, சாப்பாட்டு மேசையில் சேர்ந்த காகிதங்களைப் பிரிப்பது, அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. முடியாமல் விட்டது நாளைக்கு.

தினசரி காலண்டரிலேயே கெடு தேதிகளைச் சிவப்பு மையில் எழுதி வைக்கலாம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டிய நாள், பாலிசித் தவணை, பள்ளிக் கட்டணம், அரையாண்டு வீட்டு வரி ஆகியவற்றை வருடத் தொடக்கத்திலேயே குறித்துவிட்டால் மனத்தில் சுமக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் அந்தந்த அரையாண்டின் சொத்து வரியைக் கட்டுவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. ஒழுங்குக்குக் கைமேல் கிடைக்கும் கமிஷன் என்று இதைச் சொல்லலாம்.

இந்தப் பத்து நிமிடத்தை வீட்டுப் பெண்கள் மட்டும் செய்ய வேண்டும் என்று விட்டால் திட்டம் ஒரு வாரம்கூட நிற்காது. கடையில் பையனுக்கு ஒரு தட்டு, கணக்கருக்கு ஒரு மேசை என்று பொறுப்புப் பிரிப்பது போல, வீட்டிலும் ஆளுக்கு ஓர் இடத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் செருப்பு அடுக்கும் பொறுப்புக் கொடுத்தால், நாளைக்குக் கடையில் உட்காரும்போது அந்தப் பழக்கம் கூட வரும். அவன் கோணலாக அடுக்கினால் நாம் போய்த் திருத்தக் கூடாது. திருத்தினால் மறுநாள் அவன் அடுக்க மாட்டான்.

எதை விட்டுவிடலாம்?

எல்லாவற்றையும் செய்யப் போனால் எதுவும் நடக்காது. ஆகவே சிலவற்றை மனமறிந்து விட்டுவிடலாம். விருந்தாளி வரும்போது மட்டும் பார்க்கும் ஷோகேஸ் தினமும் பளபளக்க வேண்டாம். எல்லா டப்பாவும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டாம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருந்தால் சாம்பார் கெட்டுவிடாது. துணி மடிப்பு கடை மடிப்பாக இருக்க வேண்டாம். பழைய புகைப்படங்களை வருடவாரியாக ஒட்டும் வேலையை ஓய்வுக் காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; இப்போதைக்கு ஒரு பெட்டியில் நனையாமல் இருந்தால் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் கூடத்தில் பொம்மை கிடக்கத்தான் செய்யும். அது வீடு, ஷோரூம் அல்ல.

கடைப்பிடித்த பழக்கம் நடுவில் நின்றுபோனால் கவலைப்பட வேண்டாம். பண்டிகை வியாபாரத்தில் பத்து நாள் விட்டுப்போகும். கடையில் ஒரு நாள் கணக்கு இடித்தால் கடையையா மூடிவிடுகிறோம்? வித்தியாசத்தை எழுதி வைத்துவிட்டு மறுநாள் புதுப் பக்கத்தில் தொடங்குகிறோம். வீட்டுக்கும் அதே முறைதான்.

ஆரம்பிக்க நல்ல நாள் பார்க்க வேண்டாம். வீடு முழுவதையும் ஒரே நாளில் தொடவும் வேண்டாம். வரும் விடுமுறை நாளில் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஐந்து உறைகளையும் ஒரு நோட்டையும் வாங்கி வைத்து, மனைவி மக்களோடு உட்கார்ந்து பீரோவின் ஒரு தட்டை மட்டும் பிரித்துப் பாருங்கள். முதலில் கைக்கு வரும் காகிதத்தை உரிய உறையில் போடுங்கள். மணி அடித்ததும் நிறுத்திவிடுங்கள். மீதி அடுத்த வாரம் அங்கேயே இருக்கும். ஆனால் பத்திரம் எந்த உறையில் இருக்கிறது, நோட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அன்று இரவிலிருந்தே வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும்.